பென் ஸோப்ரிஸ்ட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் பென் ஸோப்ரிஸ்ட் ஆடுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு ரசிகனாகப் பகிரங்கமாக நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது, இன்று எழுதிவிடுகிறேன். பேஸ்பாலில் பல இடங்களில் ஆடத் தெரிந்தவர்களைப் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைப்பார்கள், யாருக்காவது அடிபட்டால் எழுந்து போய் அந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். தினமும் ஆடுகிற, அணியே நம்பியிருக்கிற ஒரு பேட்டர் இன்று செகண்ட் பேஸிலும் (உள் களத்தில் ஓர் இடம்) நாளை ரைட் ஃபீல்டிலும் (வெளிக் களத்தின் வலது பக்கம்) நிற்கலாம் என்று காட்டியவர்களில் ஸோப்ரிஸ்ட்டுக்குப் பெரிய இடம் உண்டு. அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

முதல் நன்றி, ஒலிவெட் நாசரீன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எலியட் ஜான்சனுக்கு. இலினாய் மாநிலத்து யுரேகாவில் பள்ளி முடித்த அந்தப் பையனை பேஸ்பாலுக்காக எந்தக் கல்லூரியும் தேடி வரவில்லை. பைபிள் கல்லூரியில் சேரலாம் என்று இருந்தவர், பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தில் 50 டாலர் கட்டி ஒரு தேர்வு முகாமுக்குப் போனார், அங்கே நீங்கள் அவரைக் கண்டுகொண்டீர்கள். அப்புறம் டல்லாஸ் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம், 2004 டிராஃப்டில் (பெரிய அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, 2006 ஜூலையில் ஆப்ரி ஹஃபைக் கொடுத்து நடந்த ஆட்டக்காரர் மாற்றத்தில் டாம்பா பே அணி.

டாம்பா நிர்வாகத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதல் வருடம் அவருடைய பேட்டிங் சராசரி .224, 2007-ல் .155. நூறு முறை மட்டையைப் பிடித்தால் பதினைந்து ஹிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்படி ஆடும் ஷார்ட்ஸ்டாப்பை (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவர்) இன்னும் இரண்டு வருடம் கூடவே வைத்திருப்பது லேசான காரியமல்ல. அந்தச் சமயத்தில் அவருடைய ஸ்விங்கைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய உதவிய ஜேமி செவாயோஸுக்கும் நன்றி. 2009-ல் 27 ஹோம் ரன், .297 சராசரி, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் அணியில் இடம்!

அந்த 2009-க்குக் காரணமாக நான் முதலில் நினைப்பது அப்போது டாம்பா அணியின் மேலாளராக இருந்த ஜோ மேடனைத்தான். பந்து வீசும் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் இரண்டையும் தவிர மற்ற ஏழு இடங்களிலும் அந்த ஒரே சீசனில் அவரை நிறுத்திப் பார்த்தீர்கள். டிவியில் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகத் தெரியும். செகண்ட் பேஸில் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது) செய்யும்போது ரன்னர் காலடிக்கே வந்து சறுக்குவார், அதற்குள் பந்தை வாங்கித் திரும்பி எறிய வேண்டும், அதற்குச் சின்ன கிளவ் போதும். ரைட் ஃபீல்டில் பெரிய கிளவ், மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே ஓட ஆரம்பிக்க வேண்டும், அங்கிருந்து தேர்ட் பேஸ் வரை நேராக எறியும் கை வேண்டும். இதையெல்லாம் மாற்றி மாற்றிச் செய்துகொண்டு, இடது, வலது இரண்டு பக்கமும் நின்று பேட்டிங் செய்கிற ஒருவரை "நீ எந்த இடத்துக்காரன், முடிவு பண்ணு" என்று நெருக்காமல் விட்டீர்களே, என் கணக்கில் அதுதான் பெரிய உதவி.

டாம்பாவை விட்டு ஓக்லாண்ட் அணிக்குப் போயிருந்த அவரை 2015 ஜூலையில் வாங்கிய கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கும் நன்றி. அலெக்ஸ் கோர்டன் காயத்தில் இருந்தவரை லெஃப்ட் ஃபீல்டில் நின்றார், கோர்டன் திரும்பியதும் செகண்ட் பேஸுக்குப் போனார், ராயல்ஸ் 1985-க்குப் பிறகு முதல் முறையாக உலகத் தொடரை (பட்டத்துக்கான இறுதித் தொடர்) ஜெயித்தது.

அடுத்து சிகாகோ கப்ஸ் அணி. செகண்ட் பேஸுக்கென்று வந்தவரை 2016 உலகத் தொடரில் லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றி, ஹாவியர் பாயஸுக்கு செகண்ட் பேஸைக் கொடுத்தார்கள், ஸோப்ரிஸ்ட் பாட்டுக்குப் போய் நின்றார். தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம் 6-6 என்று சமமாக இருந்தது, மழைக்காக ஆட்டம் நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டித் தைரியம் சொன்ன சக ஆட்டக்காரர் ஜேசன் ஹேவர்டுக்கு நன்றி. பத்தாவது இன்னிங்ஸில் கிரிஸ் பிரையன்ட்டின் பந்து கேட்ச் ஆனதும் ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து துணிந்து செகண்ட் பேஸுக்கு ஓடிய ஆல்பர்ட் அல்மோராவுக்கு இன்னும் பெரிய நன்றி. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததால் ஃபர்ஸ்ட் பேஸ் காலியானது, அதனால் அடுத்த பேட்டர் ரிஸ்ஸோவை எதிரணி அடிக்க விடாமல் வேண்டுமென்றே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடக்க விட்டது, அடுத்து வந்த ஸோப்ரிஸ்ட் தேர்ட் பேஸ்காரரைத் தாண்டி லெஃப்ட் ஃபீல்ட் கோட்டோரமாக அடித்தார், நீங்கள் ஹோமுக்கு ஓடி வந்தீர்கள். 1908-க்குப் பிறகு கப்ஸுக்குக் கிடைத்த முதல் பட்டம், தொடரின் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஸோப்ரிஸ்ட்தான்.

கடைசியாக, 2019-ல் குடும்ப விஷயமாக அவர் பல மாதம் விலகியிருந்தபோது காத்திருந்து, செப்டம்பரில் திரும்பி வந்ததும் எழுந்து நின்று கைதட்டிய சிகாகோ ரசிகர்களுக்கு நன்றி. அந்த சீசன் முடிவதற்குள், அப்போது கப்ஸ் மேலாளராக இருந்த மேடன் அவரை பிட்சராகவும் இறக்கினார், ஒரு இன்னிங்ஸ் போட்டார், ரன் எதுவும் கொடுக்கவில்லை. அதற்கும் நன்றி, ஜோ.

அன்புடன்,
ஒரு ரசிகன்