அந்த உடைந்த பல் உங்கள் கோப்பில் இருக்கிறதா?

போரில் காணாமல் போன வீரர்களைத் தேடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் நான்கு கடிதம் போட்டாயிற்று. பதில் என்று வந்தது, "உங்கள் கடிதம் கிடைத்தது" என்கிற ஒரே ஒரு அச்சடித்த தாள். அதனால் இந்த முறை என் மொழியில் எழுதுகிறேன். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். எங்கள் ஆட்களும் படிக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 89 வயது. அவருடைய அண்ணன் அமெரிக்க மரீன் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பர் 20 அன்று பசிபிக் கடலில் தராவாவின் பெட்டியோ தீவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. உடல் இன்றுவரை வீடு வந்து சேரவில்லை. நான் அந்தப் பாட்டிக்குச் சொந்தமில்லை. படிவங்களை நிரப்பிக் கொடுப்பவன், அவ்வளவுதான்.

அன்று எதிர்பார்த்த அளவுக்குக் கடல் ஏறவில்லை. படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றுவிட்டன. பையன்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, குண்டுமழைக்கு நடுவே அரை கிலோமீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். நான்கு நாள்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஆயிரம் பேர் போய்விட்டார்கள். அந்த வெயிலில் உடல்களை வைத்திருக்க முடியாது என்பதால் அங்கங்கே பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. விமானத்தளத்துக்கும் கட்டடங்களுக்கும் இடம் வேண்டும் என்று தீவைச் சமன்படுத்தியபோது, புதைத்த இடத்தில் அடையாளமாக இருந்த சிலுவைகளை எடுத்து வேறு இடத்தில் வரிசையாக நட்டார்கள். ஆட்கள் கீழே கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1946-இல் தேடிப்போன ராணுவக் குழு அந்தச் சிலுவைகளுக்குக் கீழே தோண்டினால் வெறும் மணல். ஏறக்குறையப் பாதிப் பேரைத்தான் மீட்க முடிந்தது. பாட்டியின் அம்மாவுக்கு 1949-இல் வந்த கடிதத்தில், "மீட்க இயலாதவர்" என்று இருந்தது. அந்த அம்மா அதை மடித்த மடிப்பிலேயே தாள் கிழிந்துவிட்டது. பாட்டி பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

அண்ணனைப் பற்றிப் பாட்டிக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்று, அவருடைய மேல் முன்பல். பின்கட்டு அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்ததில் அது சாய்வாக உடைந்துபோனது. பல் மருத்துவரிடம் போக வீட்டில் காசில்லை. சிரிக்கும்போது அந்த ஓட்டையில் நாக்கு நுனியை வைத்துக் காட்டுவாராம். உங்கள் அலுவலர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் ஃபோனில் பேசியபோது பாட்டி இதைச் சொன்னார். "பல் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பாட்டி ஃபோனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், குளிக்கப் போகும்போதுகூட வாசல்படி ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

நான் கேட்பது இது ஒன்றுதான்: அந்தப் பல்லை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, இல்லையா?

பல் ஒரு சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். 2015-இல் ஹிஸ்டரி ஃப்ளைட் என்கிற தன்னார்வக் குழு அதே தீவில் தொலைந்துபோன ஒரு கல்லறை வரிசையைக் கண்டுபிடித்ததே, அங்கே, அதே சண்டையில் இறந்த மரீன் அதிகாரி அலெக்சாண்டர் பானிமனை அடையாளம் காட்டியது அவருடைய தங்கம் கட்டிய பற்கள்தான். எழுபது வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்தவர் அமெரிக்காவில் தன் சொந்த ஊரான நாக்ஸ்வில்லுக்குத் திரும்பினார். தங்கப் பல்லுக்கு நடந்தது உடைந்த பல்லுக்கும் நடக்க வேண்டும். ஹவாயில் இருக்கும் பஞ்ச்பௌல் ராணுவக் கல்லறையில் பெயரில்லாமல் கிடந்த தராவா வீரர்களையும் அதற்குப் பிறகு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். அவர்களில் இவர் இருக்கிறாரா? பாட்டி கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் கொடுத்த மரபணு மாதிரி வருடக்கணக்காக உங்களிடம் இருக்கிறது. அது கெடாமல் இருக்கும். 89 வயது உடம்பு அப்படி இருக்காது.

பெட்டியோவில் இன்று ஜனம் நெருக்கியடித்து வாழ்கிறது. வீடும் பன்றித் தொழுவமும் அந்தப் பள்ளங்களுக்கு மேலேயே வந்துவிட்டன, கடலும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாளிலும் "யாரையும் கைவிட மாட்டோம்" என்று மேடையில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒரு கடிதம் எழுதக்கூடாதா? எங்கள் வீடுகளில் இறந்தவரைக் கூடத்தில் கிடத்தி முகம் பார்த்தால்தான் அழுகையே முழுசாக வரும். இந்தப் பாட்டி ஏழு வயதில் அடக்கிய அழுகையை இன்னும் வைத்திருக்கிறார்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கு வேலை அதிகம், ஆட்கள் குறைவு என்பது தெரியும். எலும்பைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தோம், பொருந்தவில்லை என்றாலும் சரி. இன்னும் பார்க்கவில்லை, இந்த மாதத்துக்குள் பார்க்கிறோம் என்றாலும் சரி. தயவுசெய்து எழுத்தில் சொல்லுங்கள்.

ஃபோன் வேண்டாம். மணி அடிப்பது பாட்டிக்குக் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. கடிதமாக அனுப்புங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரன்