விலை மட்டும் போதாது, பங்கு எண்ணிக்கையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் வந்து பாருங்கள், ஜவ்வரிசி விலைக்கு அடுத்தபடியாக அமெரிக்கப் பங்குகளைப் பற்றித்தான் பேச்சு. செல்போன் ஆப்பில் பத்து டாலர், இருபது டாலருக்கு வாங்கிப் போடும் பையன்கள் நிறைய. கனடா கஞ்சா கம்பெனியான டில்ரே, பீர் ஆலைகளாக வாங்கிக் குவித்தது சரியா தப்பா என்பதுதான் அவர்களுக்குள் ஓயாத சண்டை. என் அக்கா மகனும் அந்தப் பங்கை வைத்திருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

2020 நவம்பரில் அப்ரியா என்ற கஞ்சா கம்பெனி, அட்லாண்டாவில் உள்ள ஸ்வீட்வாட்டர் என்ற கிராஃப்ட் பீர் (சிறிய அளவில் தனிச் சுவையோடு காய்ச்சும் பீர்) ஆலையை சுமார் 30 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 25 கோடி ரொக்கம், மீதி தன் பங்காக. 2021-இல் அப்ரியாவும் டில்ரேயும் டில்ரே என்ற பெயரில் ஒன்றாகின. அப்புறம் டில்ரே பெரிய பீர் கம்பெனிகளிடமிருந்து வாங்கியது: 2023-இல் ஆன்ஹைசர்-புஷ்ஷிடமிருந்து எட்டு பிராண்டுகள், அடுத்த வருடம் மோல்சன் கூர்ஸிடமிருந்து நான்கு ஆலைகள். வாங்கியது நல்லது என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: அமெரிக்க மத்திய சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது, பீரைத் தடுக்கவில்லை, தடை நீங்கும் நாளில் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வழி கையில் இருக்கும். சரி, அந்த நாள் வரவில்லையே. கிராஃப்ட் பீர் விற்பனையும் அங்கே இறங்குமுகம்தான். கஞ்சா, சாராயக் காசே நமக்கு வேண்டாம் என்கிற பெரியவர்களும் மண்டியில் இருக்கிறார்கள், அது அவரவர் மனசாட்சி.

ஆனால் இரண்டு தரப்புமே பங்கு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இணைப்பு முடிந்தபோது டில்ரேக்கு ஏறக்குறைய 45 கோடி பங்குகள், புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே போனதில் 2025-இல் அது 100 கோடியைத் தாண்டிவிட்டது. நாலு பேர் கூட்டாக நடத்தும் சேகோ ஆலையில் வருடா வருடம் புதுப் பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், ஆலைக்கு இன்னொரு ஷெட் போட்டாலும் பழைய ஆளுக்கு என்ன மிஞ்சும்? பங்கு ஒரு டாலருக்கும் கீழே போய், 2025 டிசம்பரில் பத்துப் பங்கை ஒரே பங்காகச் சேர்த்தார்கள்; ஒரு பங்கின் விலை பத்து மடங்கானாலும் கையில் இருக்கும் மொத்த மதிப்பு அதனால் கூடாது. அன்றைக்கு ஆப்பைத் திறந்த அக்கா மகன், "மாமா, விலை எங்கேயோ போயிடுச்சு!" என்று ஓடி வந்தான். செல்லை வாங்கிக் கீழே பார்த்தேன், 200 பங்கு இருந்த இடத்தில் 20. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இது அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு.

உங்கள் வணிகப் பக்கத்தில் வெளிநாட்டுப் பங்குகளுக்கு விலையும் ஏற்ற இறக்கமும் மட்டும்தான் வருகிறது. பக்கத்திலேயே மொத்தப் பங்குகள் போன வருடம் எத்தனை, இந்த வருடம் எத்தனை என்று ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கிய செய்தி வந்தால் ரொக்கம் எவ்வளவு, புதுப் பங்கு எவ்வளவு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கம்பெனி அறிக்கைகளில் இதெல்லாம் இருக்கிறது, ஆனால் அத்தனை பக்க ஆங்கிலத்தை இந்தப் பையன்கள் புரட்டப்போவதில்லை, உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.