சுவரில் ஏறும் உண்ணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வளர்ப்புப் பிராணிகள் பக்கத்தில் நாய் உண்ணியை ஒழிக்க ஐந்து வழிகள் என்று போட்டிருந்தீர்கள். குளிப்பாட்டு, சீப்பால் வாரு, பவுடர் போடு, மருந்துப் பட்டை மாட்டு என்று நான்கு. ஐந்தாவதாக, கொல்லையைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவு. முதல் நான்கும் நாயின் முதுகோடு முடிந்துவிட்டன, ஐந்தாவது தரையோடு நின்றுவிட்டது. சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் 38 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். சுவரை விட்டுவிட்டுப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் வீட்டு நாயின் பெயர் வெள்ளச்சி. பேருக்கேற்ற நிறம், அதனால் உண்ணி ஏறினால் ஒளிக்க முடியாது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்து ஊதி, சாம்பல் பூத்த ஆமணக்கு விதை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். (ஆமணக்குக்கு லத்தீனில் வைத்திருக்கும் பெயருக்கே உண்ணி என்றுதான் அர்த்தமாம். கால்நடை மருத்துவர் சொன்னார்.) இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவள் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருப்பதாகச் சொன்னார். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்ற கிருமியின் வேலை. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். ஒரு வேளை தவறாமல் என் மனைவி கொடுத்தாள். நாய் பிழைத்தது.

மருந்து முடிந்த மூன்றாம் வாரம் மறுபடி உண்ணி. பவுடர் விற்றவனைத் திட்டினேன், தெருநாய்களைத் திட்டினேன். கொல்லையை ஈரம் காயாமல் கழுவினேன். ஒரு நாள் ராத்திரி பைப்பை மூடினேனா என்று பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மதில் சுவரில் வெளிச்சம் பட்டபோது ஏதோ நகர்ந்தது. கிட்டே போனால் கொழுத்த பெண் உண்ணி ஒன்று, இடுப்புயரத்தில், அவசரமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருந்த சந்துக்குள் நுழைந்து காணாமல் போயிற்று.

அது நான் கட்டிய சுவர். தெருப் பக்கம் வழவழவென்று பூசியிருந்தேன். உள்பக்கம் கையிருப்புச் சிமெண்ட் போதவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று செங்கல் தெரிய விட்டுவிட்டேன். சந்து கூட அடைக்கவில்லை. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசின கை இது. இந்த ஒரு காரணத்துக்காகவே இக்கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஓரிருவர் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் காலையில் ஆணியை விட்டு ஒரு சந்தை நோண்டினேன். பழுப்பு நிறத்தில், கசகசா மாதிரி முட்டைக் குவியல். செத்துக் காய்ந்த தாய் உண்ணி பக்கத்திலேயே. ஒரு தாய் நாலாயிரம் முட்டை வரைக்கும் இடுமாம். மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது நாயின் மேல் ஏறி ஒரு தடவை குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். சந்துக்குள் போய்த் தோலுரித்து எட்டுக் காலோடு வந்து மறுபடி ஏறும், குடிக்கும், விழும். இன்னொரு தடவை தோலுரித்துப் பெரிய உண்ணியாகி மூன்றாவது தடவை ஏறும். ஆக, நாயின் மேல் இருப்பது கொஞ்ச நாள்தான். மிச்ச வாழ்க்கை முழுக்கச் சுவரிலும், நாய்க்கூண்டின் பலகை இடுக்கிலும், கதவு நிலைக்குப் பின்னாலும்தான். பெரிய உண்ணி சாப்பாடே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேலும் காத்துக் கிடக்கும். வீடு காலியாகி நாயே இல்லாமல் போன கொல்லையில், புதிதாகக் குடிவந்தவர்களின் நாய்க்கு முதல் வாரமே உண்ணி ஏறுவது இதனால்தான். நான் நாய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன், நோயாளி சுவர்.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. ஒவ்வொரு சந்தையும் அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, தண்ணீர் அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்ற கலவையைக் கரணையால் அழுத்தி அடைத்தேன். அதற்கு மேல் முழுக்கப் பூச்சு. சுரண்டி விழுந்த மண்ணை அங்கேயே விட்டால் செய்த வேலை வீண். முட்டை அதில்தான் இருக்கிறது. கூட்டி அள்ளிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். மரக் கூண்டைப் பிரித்து எறிந்துவிட்டு, வழவழப்பான மேடை ஒன்று கட்டினேன். படுக்கத் துணி மட்டும், அதை வாரம் ஒரு தடவை கொதி தண்ணீரில் போடுகிறோம். பூச்சு நடக்கும்போது நாயை உள்ளே விடக்கூடாது. ஈரச் சிமெண்ட் காரம், பாதத்தைப் புண்ணாக்கும், நக்கினால் நாக்கையும். சித்தாள்களின் கை வெந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரை அடைத்ததும் உண்ணிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்திவிடவில்லை. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் அறுபடும். ஒரு தலைமுறை முடிய எப்படியும் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் கை ஓய்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். உண்ணியை எடுக்கும்போது சிலர் நகத்தால் நசுக்குகிறார்கள், நானும் செய்திருக்கிறேன். அதன் ரத்தத்தில் கிருமி இருக்கும். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போடுங்கள். சுவருக்கு மருந்து அடிப்பதென்றால் எது, எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டு அடிக்கவும். பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு எமன்.

இனி அந்தப் பினாயில். கருப்புப் பினாயிலில் இருப்பது கரித்தாரிலிருந்து எடுக்கும் பீனால் வகைச் சரக்கு. நாய் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஈரத் தரையில் நடந்துவிட்டு, படுத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து நாலு பாதத்தையும் நக்கும். தினமும் ஊற்று என்று எழுதியவர் இதை யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ப்ளீச்சிங் பவுடருக்கும் ஒரு முறை இருக்கிறது. மூத்திரம் தேங்கிய இடத்தில் நேரே தூவினால், அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். முதலில் அள்ள வேண்டியதை அள்ளி, வெறும் தண்ணீர் விட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி, அதற்கப்புறம்தான் கிருமிநாசினி. அதையும் பத்து நிமிடம் விட்டு நன்றாகக் கழுவி, தரை காய்ந்த பிறகு நாயை விட வேண்டும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த வீடென்றால் ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர். அதுவும் சிமெண்ட் தரையில்தான் செல்லும், மண்ணில் ஊற்றினால் மண் அதைத் தின்றுவிடும். அந்த வைரஸ் மண்ணுக்குள் மாதக் கணக்கில் கிடக்கும். ஒரு குட்டியைப் பார்வோவுக்குப் பறிகொடுத்துவிட்டு, துக்கம் ஆற வேண்டுமென்று உடனே இன்னொரு குட்டியைத் தடுப்பூசி முடியாமல் அதே கொல்லையில் இறக்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மனமில்லை.

உண்மையில் நாளுக்கு இருமுறை கழுவுவதைவிடத் தரைக்கு வாட்டம் சரியாக இருப்பது முக்கியம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் கொடுத்தால் தண்ணீர் தானே ஓடிவிடும். கழுவின தண்ணீர் மூலையில் குட்டையாக நின்றால் கொசு வரும், நாயின் இதயப் புழுவைப் பரப்புவது கொசுதான். எலியும் அங்கே குடிக்க வரும், மூத்திரம் பெய்துவிட்டுப் போகும். எலிக்காய்ச்சல் கிருமிக்கு ஈரம் இருந்தால் போதும், வெயிலில் காய்ந்த தரை அதற்கு ஆகாது. உங்கள் கொல்லையின் வாட்டத்தைப் பார்க்க ரசமட்டம் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அரை மணி கழித்து வந்து பாருங்கள்.

மலத்தை அள்ளுவது பற்றி உங்கள் கட்டுரையில் 'வாரம் ஒரு முறையாவது' என்று இருந்தது. வாரம் என்பது ரொம்பத் தாமதம். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டை மலத்தோடு வெளியே விழுந்த அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் செய்யாது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றின பிறகுதான் ஒட்டும். முற்றிவிட்டால் வருடக் கணக்கில் சாகாது, மண்ணைத் தொட்டுவிட்டு வாயில் விரல் வைக்கும் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். கொக்கிப்புழு அவ்வளவு பொறுமை பார்க்காது. ஈரமும் நிழலும் கிடைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் அதன் குஞ்சு தயார், வெறும் காலின் தோலைத் துளைத்தே உள்ளே போகும். என் பேத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் கொல்லையில்தான் ஓடுகிறாள். ஆகவே காலையில் காபிக்கு முன் முறத்தோடு ஒரு சுற்று. அள்ளியதைக் காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாட்டுச் சாணம் வேறு, இது வேறு.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிலோரம் தண்ணீர் கேட்காமல் பூக்கிறதே என்று அரளி வைத்திருந்தேன். இலை, பூ, பட்டை, எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம், காய்ந்த சருகும் அப்படியே. வெட்டினவர்கள் எரித்துவிடாதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. அழகுக்கு வைக்கும் சைகஸின் கொட்டை நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். என் மனைவி ரோஜாவுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு வைப்பாள். அந்த வாசனைக்கு வெள்ளச்சி மண்ணைப் பறிக்கத் தொடங்கியதும் நல்லவேளையாக நான் பார்த்துவிட்டேன், அதில் ரிசின் விஷம் இருக்கலாம். எங்கள் வீட்டில் இதனால் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது என்பது வேறு கதை. எலி மருந்தில் புரோமடியோலோன் போட்டது தின்றால் நாய் அன்றைக்கு ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும், நாலைந்து நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியும். அதனால் தின்றது தெரிந்தவுடனே, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு.

என் தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதில் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சில்லு வருடம் போகப் போகக் கழன்று உள்பக்கம்தான் விழுகிறது, திருடன் காலில் குத்தியதை நான் பார்த்ததில்லை. கட்டுக்கம்பித் துண்டு, ஆணி எல்லாவற்றையும் வேலை முடிந்த அன்றே காந்தத்தை வைத்துப் பொறுக்குங்கள். செப்டிக் டேங்க் மூடியைக் கலவை வைத்து அமர்த்துங்கள், சும்மா தூக்கி வைக்காதீர்கள். குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் சங்கிலி மாட்டும் வளையத்தைப் பதிக்கவே பதிக்காதீர்கள். நாய் தாண்டிக் குதித்து மறுபக்கம் தொங்கியதை ஒரு வேலையிடத்தில் பார்த்தேன். காலையில் நாங்கள் போகும்போது நேரம் கடந்திருந்தது.

வெள்ளச்சிக்கு இப்போது ஒன்பது வயது. பதினாறு மாதமாக அவள் மேல் உண்ணி இல்லை என்று எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை முடிக்க நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி பழக்கதோஷத்தில் டார்ச்சோடு ஒரு சுற்றுப் போனேன். கேட் தூணுக்கும் மதிலுக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது, அதன் வாயில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அரை மூட்டைச் சிமெண்ட் இருக்கிறது. மணலைச் சலித்து வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், வெயில் ஏறுவதற்குள் அடைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்
(பெயர் வேண்டாம்)