ஒன்றும் இல்லையே என்று கேட்காதே

கண்ணா,

போன வாரம் போனில் நீ மூன்றாவது தடவையாக "ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டபோது நான் பேச்சை மாற்றி உன் ஆபீஸ் சங்கதிக்குப் போய்விட்டேன், கவனித்திருப்பாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொன்னால் பொய், இருக்கு என்று சொன்னால் அதுவும் பொய். ரத்த டெஸ்டில் ஒன்று தெரிந்ததை இத்தனை மாதம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கும் இதுதான் காரணம், நீ நினைக்கிற மாதிரி பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை எல்லாம் இல்லை. அப்பா வாய் தவறி உளறாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பேன். உனக்கு என் மேல் கோபம் இருப்பது நியாயம்தான். எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது, போனில் நீ மௌனமாகிவிட்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். தோள்வலி என்றுதான் போனேன், கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈ.எஸ்.ஆர். 58 என்று வந்தது. அது ஏறினால் உடம்பில் எங்கோ ஏதோ என்று அர்த்தம், எங்கே என்ன என்று சொல்லாது. அந்த 'ஏதோ'வைத் தேடித்தான் ரத்தத்தில் உள்ள புரதங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரேசிஸ் என்ற டெஸ்டுக்கு அனுப்பினார்கள். தோள்வலி ஆறு வாரத்தில் தானாகப் போய்விட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை, பூதம் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு கோட்டுப் படம் இருக்கும். இடது பக்கம் கோபுரம் மாதிரி உயரமாக ஒன்று, அது ஆல்புமின், எல்லோருக்கும் அப்படித்தான். அதையடுத்து சின்னச் சின்ன மேடுகள். வலது ஓரத்தில் காமா என்று ஒரு இடம், அங்கே அகலமாகப் படுத்துக் கிடக்கும் ஒரு மேடுதான் இருக்க வேண்டும். என் படத்தில் அந்த மேட்டின் நடுவில் ஊசியை நட்டுவைத்தது போல மெல்லிசாக ஒரு முனை. டாக்டர் பேனா மூடியால் அதைத் தொட்டு, "இதுதாம்மா" என்றார். நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டு, பிரிண்டரில் மை சரியில்லையோ என்று கேட்டார்!

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த ஒரு எதிர்ப்புப் புரதத்தைச் செய்கிறது. ஆயிரக்கணக்கான வகைகள் கலந்திருப்பதால்தான் அந்த மேடு அகலமாக இருக்கிறது. அதில் ஏதோ ஒரு செல் மட்டும் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு கிளை பெருகினால் எல்லாம் ஒரே புரதத்தையே செய்யும், படத்தில் ஊசி எழும்பும். அதற்கு எம் புரதம் என்று பெயர். எனக்கு இருப்பது 100 மில்லி சீரத்தில் 0.7 கிராம். ஹீமோகுளோபின், கால்சியம், கிட்னி எல்லாம் சரியாக இருக்கின்றன. எனவே என் நிலைமைக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறார்கள், விரித்தால் மோனோக்ளோனல் காமோபதி ஆஃப் அன்டிடர்மின்டு சிக்னிஃபிகன்ஸ், கடைசி இரண்டு சொல்லுக்கு 'இன்னதென்று தீர்மானிக்க முடியாதது' என்று அர்த்தம். தெரியவில்லை என்பதையே நோயின் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் அந்தப் பெயரின் கதையைப் படித்தேன். முன்பெல்லாம் இதைத் 'தீங்கற்றது' என்ற சொல்லோடுதான் எழுதுவார்களாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ராபர்ட் கைல் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 241 பேரின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்து, 1978இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இந்தப் பெயரைப் போட்டார். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு ஆனது, யாருக்கு ஆகும் என்று முதல் நாளே சொல்ல முடியாது, அப்புறம் எப்படித் தீங்கற்றது என்று எழுதிக் கொடுப்பது? ஆறுதலான சொல்லைப் பிடுங்கிய மனுஷன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இதைப் பற்றி இதுவரை நான் கேட்டதிலேயே நேர்மையான பேச்சு அதுதான்.

நீ ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன், எல்லாவற்றையும். மல்டிபிள் மைலோமா, அதாவது அந்த பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய், வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முன்னால் இது இருந்திருக்கிறது என்ற வரியில்தான் நீ பயந்திருக்கிறாய். அந்த வரி சரிதான். அதைத் திருப்பிப் போட்டால் சரியில்லை, இது இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதே இல்லை. ஐம்பது வயது தாண்டிய நூறு பேரை நிறுத்திச் சோதித்தால் மூன்று பேருக்கு இது இருக்கும் என்று அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், அதில் அநேகம் பேர் தெரியாமலே நடமாடிக்கொண்டிருந்தவர்கள். பொதுவாகச் சொன்னால் இது இருக்கும் நூறு பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கு அது மைலோமாவாகவோ அதைச் சேர்ந்த வேறொன்றாகவோ மாறலாம். என் அளவு 1.5க்குக் கீழே, எதிர்ப்புப் புரதங்களில் அது ஐ.ஜி.ஜி. என்ற வகை, அந்தப் புரதத்தின் சின்னத் துண்டுகளான லைட் செயின்களின் விகிதமும் சரி, அதனால் நான் குறைந்த ஆபத்துக் கூட்டத்தில் இருக்கிறேன், மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்க்கக்கூட இப்போது தேவையில்லை என்றார் டாக்டர். இந்தக் கூட்டத்தில் இருபது வருஷத்தில் நூற்றுக்கு 5 பேருக்கு அப்படி மாறும். அதற்குள் வேறு காரணத்தால் போய்ச் சேருகிறவர்களையும் கணக்கில் எடுத்தால் 2 பேருக்குத்தான் என்று போட்டிருந்தது. இப்படி ஒரு ஆறுதலை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கு எல்லாம் பகலுக்குத்தான் சரி. முதல் இரண்டு மாதம் நான் இருந்த இருப்பை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. எலும்பில் வலி வந்தால் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா, அன்றிலிருந்து எனக்கு இருநூற்றாறு எலும்பும் இருப்பது தெரிய ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், மல்லாந்து படுத்துக்கொண்டு விலா எலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும். காலையில் பார்த்தால் அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருக்கும். ஒரு தடவை அலமாரியை நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டது, அலமாரியால்தான் என்று ஒரு வாரம் கழித்துத்தான் நம்பினேன். இப்போது அது இல்லை. எப்படிப் போனது என்று கேட்டால் தெரியாது, நான் தியானம் கியானம் எதுவும் செய்யவில்லை, சலித்துப் போய்விட்டது என்று நினைக்கிறேன். பயத்துக்கும் ஒரு அலுப்பு உண்டு.

ஆறு மாதம் முடிந்து இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்தேன், அது உனக்குத் தெரியாது. சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கி, அதிசயமாக நன்றாகத் தூங்கி, காலையில்தான் திறந்தேன். 0.8. அப்பா உடனே பேப்பரை எடுத்து நூற்றுக்குப் பதினான்கு ஏறிவிட்டது என்று கணக்குப் போட்டார், முகம் செத்துப்போய்விட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அளவு வித்தியாசம் ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் வரும், 0.5 அளவுக்கு ஏறினால் பேசுவோம் என்று மூடி வைத்துவிட்டார். அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான், நடுவில் உடம்பு இளைப்போ விடாத களைப்போ எலும்பு வலியோ வந்தால் உடனே. மருந்து ஒன்றும் கிடையாது, இந்தக் கட்டத்தில் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. இரண்டு வருஷமா என்று அப்பாவுக்கு ஆத்திரம், மாதா மாதம் பார்த்தால் என்ன என்கிறார். மாதா மாதம் பார்த்தால் மாதா மாதம் 0.1 க்காக அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

நீயும் டெஸ்ட் எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அறிகுறி இல்லாதவர்களைத் தேடித் தேடிச் சோதிப்பதில் நன்மை அதிகமா தொல்லை அதிகமா என்பதை ஐஸ்லாந்தில் எண்பதாயிரம் பேரைச் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், அந்த அளவுக்கு அது தீராத கேள்வி. நானாக இருந்தால் உன் வயதில் எடுக்க மாட்டேன். உன் உடம்பு, உன் இஷ்டம். எடுத்தால் மட்டும் என்னிடமிருந்து மறைக்காதே, மறைக்கிற வேலையை இந்த வீட்டில் நான் ஒருத்தி செய்தது போதும்.

உன்னிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து நீ என்னோடு சண்டையே போடுவதில்லை. நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்கிறாய். போன மாதம் உன் வேலையை விடுவது பற்றி நான் வேண்டுமென்றே அபத்தமாக ஒன்று சொன்னேன், அதற்கும் சரிம்மா. என்னை ஏற்கெனவே பாதி அனுப்பிவைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த ஊசிமுனையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. ரத்தம் எப்போது கொடுக்கப் போகிறாய் என்று கேள், தேதி சொல்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் அப்பாவுக்கு முன்னால் உனக்கே அனுப்புகிறேன், சத்தியமாக. அதுவரைக்கும் அந்தப் பேச்சு வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி நான் சொன்னது தப்பு என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஏன் தப்பு என்று சொல்.

அம்மா