டவர் மேலிருந்து வீடு தெரியவில்லை

சென்னை – 40
ஞாயிறு இரவு

அன்புள்ள நடராஜா,

நீ தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. வரச்சொல்லத்தான் இந்தக் கடிதமே. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டியைத் தவிர. உன் தங்கைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததிலிருந்து நான் சரியாகச் சவரம் செய்யாத இடமெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை நம் அண்ணா நகர்ப் பூங்காவில் இருக்கிற டவர் ஏறினேன்.

சிரிக்காதே. 2011-இல் மேலே ஏற விடாமல் மூடினவர்கள் 2023-இல் கம்பி வலையெல்லாம் போட்டுத் திறந்தார்கள். அன்றிலிருந்து நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். பேரன்தான் விடவில்லை. சுற்றிச் சுற்றிப் போகிற அந்தப் பாதையில் நாலு இடத்தில் நின்று, "வியூ பார்க்கிறேன்" என்று சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டேன். மொத்தம் 135 அடி. 1968-இல் நீயும் நானும் இதே பாதையில் போட்டி போட்டுக்கொண்டு ஓடினோம். நீதான் ஜெயித்தாய் என்று இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். டெல்லி அப்பளத்தை யார் கையில் கொடுத்துவிட்டு ஓடினாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

அந்தப் பொருட்காட்சி ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜனவரியில்தான் உலகத் தமிழ் மாநாடு முடிந்து, கடற்கரையில் புதுச் சிலைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இங்கே சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. துணை ஜனாதிபதி வி.வி. கிரி வந்து டவரைத் திறந்தார், முதலமைச்சர் அண்ணா தலைமை. மேலே நின்று பார்த்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வயலும் மண்பாதையும்தான். நீ மட்டும் உங்கள் வீட்டு மாடு தெரிகிறது என்று சத்தியம் செய்தாய்.

இன்று மேலே நின்று என் வீட்டைத் தேடினேன். நம் தெரு இருக்கிற திசை தெரியும், டவரிலிருந்து பத்து நிமிட நடைதான். பேரன் செல்போனில் மேப்பைத் திறந்து, "தாத்தா, அந்த மஞ்சள் கட்டடத்துக்குப் பின்னாடி" என்றான். மஞ்சள் கட்டடம் தெரிந்தது. வீடு தெரியவில்லை. தெருவில் இன்னும் ஒரே மாடியோடு நிற்பது எங்கள் வீடும் எதிர்வீட்டு டாக்டர் அம்மா வீடும்தான். மற்றதெல்லாம் கீழே கார் நிறுத்துமிடம், மேலே நாலு மாடி.

சரி, சொல்லிவிடுகிறேன். வீட்டை ஜாயிண்ட் வென்ச்சருக்குக் கேட்கிறார்கள். ஒரு கிரவுண்டு மனை, இடித்து அடுக்குமாடி கட்டினால் நமக்குப் பாதி, பில்டருக்குப் பாதி. தம்பி சிங்கப்பூரிலிருந்து, "கையெழுத்துப் போட்டுடு அண்ணா" என்கிறான். தங்கச்சி, "நீ என்ன சொன்னாலும் சரி" என்கிறாள், ஆனால் வாரம் மூன்று தரம் போன் பண்ணி என்ன ஆச்சு என்று கேட்கிறாள். பில்டர் சின்னப் பையன், மரியாதையான பையன். டேப்பைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியில் நின்று, "இதுக்குப் பதிலா மொட்டை மாடியில் கார்டன் போட்டுத் தர்றோம் அங்கிள்" என்றான். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் அப்பா என் அப்பாவிடம் கேட்டதை மறக்கவே முடியவில்லை. கண்காட்சி முடிந்து, நடுவங்கரைக் கிராமமாக இருந்த இந்தப் பக்கத்தை ஹவுசிங் போர்டு பிளாக் பிளாக்காகப் பிரித்து மனை போட்டபோது, "நடுவங்கரையில் வீடு கட்டி நரிக்கா வாடகைக்கு விடப்போறீர்?" என்றாரே! அந்த நரி அன்றைக்கே ஒரு மனை வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரன். அப்பா அமைந்தகரையிலிருந்து சைக்கிளில் வந்து போவார். சுவருக்குத் தண்ணீர் விட நம் இரண்டு பேரையும் கூட்டி வருவார், கூலி ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா. வடக்குச் சுவர் முழுக்க நீ தண்ணீர் விட்டது. மழைக்காலத்தில் ஓதம் ஏறுவதும் அந்தச் சுவர் ஒன்றில்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லிவைக்கிறேன்.

வசதிக்கு என்ன குறை என்று கேட்பாய். குறையே இல்லை. ரவுண்டானாவிலிருந்து இரண்டாவது அவென்யூவில் நடந்தால் வாங்க முடியாத சாமான் கிடையாது. 2017-இல் மெட்ரோ வந்தது, சென்ட்ரலுக்குக் கால் மணி நேரம். முன்பெல்லாம் வண்டியைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பி, வழியெல்லாம் நீ என்னைத் திட்டிக்கொண்டு வருவாய். நடக்கப் பூங்கா, ஓடி விழுந்தால் ஆஸ்பத்திரி. சாந்தி காலனிப் பக்கம் போனால் ஐஏஎஸ் படிக்கிற பிள்ளைகள். ஒரு அறையில் நாலு பேர், டீக்கடை வாசலில் நின்றபடி நோட்டைப் புரட்டுகிறார்கள். சாயங்காலம் அவர்களைப் பார்த்தால் பங்களாக்களைப் பார்க்கத் தோன்றுவதில்லை. பணக்கார ஏரியா என்று பெயர், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காக டாக்டர் அம்மாவும் நானும் குடத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தோம். சாதாரணமாக அவர் என்னிடம் ரத்தக் கொதிப்பைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். அன்றைக்குத்தான் அவர் ஊர் எது என்றே தெரிந்தது.

டவர் மேலே நின்றபோது வேறொன்றும் தோன்றியது. நாம் அன்றைக்குப் பார்த்தது வயல் இல்லையா? அது யாரோ உழுத வயல். அதை எடுத்துத்தான் மனை போட்டார்கள், அதில் ஒன்றில்தான் அப்பா கட்டினார். நடுவங்கரை என்றால் இப்போது பாதிப் பேருக்குப் பாலம்தான் ஞாபகம் வரும். அந்த வயல்காரர் எந்த டவரில் ஏறித் தன் நிலத்தைத் தேடினாரோ! இதை உன் தங்கையிடம் சொன்னேன். "அதுக்காகக் கையெழுத்துப் போடறீங்களா, போடலையா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அண்ணா நகருக்குள் நுழைகிற இடத்தில் நிற்கிற அந்த அண்ணா வளைவை யோசித்துப் பார்க்கிறேன். 2012-இல் மேம்பாலத்துக்காக இடிக்க ஆரம்பித்து, தூணை அறுத்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று நிறுத்தி, பலப்படுத்தி நிற்க வைத்தார்களே. எம்.ஜி.ஆர் திறந்த வளைவு, அதற்குப் பேச ஆள் இருந்தது. இந்த வீட்டுக்கு நான் ஒருவன், என் முட்டியின் லட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன். படி ஏறி மாடிக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது, டவர் மட்டும் ஏறினேன். லிஃப்ட் வைத்த வீடு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

மாமரம் இந்த வருஷம் கண்டபடி பூத்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் தம்பி வருகிறான், அன்றைக்குத்தான் பேச்சு வைத்திருக்கிறோம். நீ அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. வடு பறிக்க ஆள் வேண்டும், வடக்குச் சுவர்க்காரன் என்ற முறையில் உன்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பொருட்காட்சியில் மரக்குதிரைமேல் நாம் எடுத்துக்கொண்ட போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? அதை எடுத்து வா. பேரன் நம்பமாட்டேன் என்கிறான்.

சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோ பேரம் பேசி மானத்தை வாங்காமல் மெட்ரோவில் ஏறு. 'அண்ணா நகர் டவர்' என்றே ஸ்டேஷன் பெயர். மேலே வந்ததும் போன் பண்ணு, பேரனை அனுப்புகிறேன்.

உன்,
ராமு