கோமதிக்கு, துடிப்பைப் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். அதோடு உன் இதயத் துடிப்புக் கோளாறைப் பற்றி உன் மகன் அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து முடிக்கத்தான் நாளாயிற்று. பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு, ஓரக் குறிப்பு, ஆச்சரியக்குறி. பிள்ளை உன்னைப் போலவே வளர்ந்திருக்கிறான்.

முதலில் என் பக்கத்துச் செய்தி. ஓய்வு பெற்ற பிறகும் பழைய வேலை என்னை விடவில்லை. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்று சரிபார்க்கும் குழுக்களுக்காக இன்னும் கோப்புகளைத் தொகுத்துக் கொடுக்கிறேன். பெயரை மறைத்து, எந்தச் சிகிச்சை தரப்பட்டது என்பதையும் மறைத்துக் கொடுப்போம். இது உண்மையிலேயே பக்கவாதம்தானா, இந்த மரணத்துக்கு இதயம்தான் காரணமா என்று மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அண்ணனுக்குப் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்ததால் பேஸ்மேக்கரை மாற்றினார்கள். மிகவும் பயந்துபோயிருந்தார். உலகத்தில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சனின் கதையைச் சொன்னேன். 1958-இல் அவருக்கு வைத்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "இருபது தடவையா கீறுவார்கள்?" என்று கேட்டார். ஆறுதல் சொல்லும் திறமை எனக்கு இவ்வளவுதான்.

இனி உன் விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பெயரைக் கேட்டதும் நீ உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன; அதனால் நாடி தாறுமாறாகிறது; மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே உனக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்று, படியேறும்போது வரும் மூச்சிரைப்பும் படபடப்பும். இன்னொன்று, நீ உணரவே முடியாத அந்தக் கட்டி. அப்லேஷன் என்பது இதயத்துக்குள் குழாய் செலுத்தி, நடுக்கம் பரவாமல் தழும்பிட்டுத் தடுக்கும் சிகிச்சை. உன் மகன் இரண்டையும் ஒன்றாக்கி, "அப்லேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன" என்கிறான். நான் மருத்துவர் அல்ல, செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இவர்கள் எதைக் கணக்கிட்டார்கள்?

இந்தப் பழக்கம் எனக்கு வரக் காரணம் காஸ்ட் என்ற பழைய ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கீழறையிலிருந்து அவ்வப்போது கூடுதல் துடிப்புகள் வரும். அப்படி வருபவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் இருந்தன, இ.சி.ஜி. தாள் சுத்தமாகிவிடும். துடிப்பு குறைந்தால் மரணமும் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். பாதிப் பேருக்கு மருந்துப்போலி கொடுத்துச் சோதிப்பது அறம்தானா என்று கேட்டவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி கவனமாக, மருந்தால் துடிப்பு குறைந்தவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்து, பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சராசரியாகப் பத்து மாதம் கண்காணித்தார்கள். என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். தாளில் துடிப்பு அடங்கியது, ஆள் போய்விட்டார். பாதுகாப்பைக் கண்காணித்த குழு 1989-இல் அந்த இரண்டு மருந்துகளின் சோதனையை நிறுத்தியது. அதுவரை எத்தனை மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு அந்த மருந்துகளை எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இதை எழுதியதும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். உன் மருந்துச் சீட்டில் இருப்பதும் அதே ஃப்ளெகைனைடுதானே! பதற வேண்டாம். காஸ்ட் ஆய்வில் இருந்தவர்களின் இதயத்தில் மாரடைப்பால் தழும்பு இருந்தது. அந்தத் தழும்பைச் சுற்றித்தான் இந்த மருந்து விபரீதம் செய்தது. தழும்போ, அடைப்போ, தசைப் பலவீனமோ இல்லாத இதயத்தில் மேலறை நடுக்கத்துக்கு இது இன்றும் நல்ல மருந்து. உன் மருத்துவர் சீட்டு எழுதும் முன் எக்கோ எடுத்தாரே, அது எதற்கு என்று நினைத்தாய்? அலட்சியமான மனிதராக எனக்குத் தோன்றவில்லை.

அப்லேஷனுக்கு வருகிறேன். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் பொறி எங்கே பிறக்கிறது என்று தேடினார்கள். கண்டுபிடித்த 69 இடங்களில் 65 இடங்கள் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றித் தழும்பு வேலி போட்டால் பொறி உள்ளே வராது. இன்றைய அப்லேஷனின் அடிப்படை அதுதான். சூட்டால் வேலி போடலாம், குளிரால் போடலாம், இப்போது மின்புலத் துடிப்பாலும் போடுகிறார்கள். மகன் இந்தக் கடைசி முறையைப் பற்றித்தான் மிகவும் பரவசப்பட்டிருக்கிறான். 2023-இல் வந்த அட்வென்ட் ஆய்வு 607 பேரில் அதைப் பழைய முறைகளோடு ஒப்பிட்டது. "பழையதைவிடக் குறைந்ததல்ல" என்பதுதான் முடிவு, "மேலானது" என்றல்ல. இதயத்தை ஒட்டிப் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்கு ஆபத்து குறைவு என்பது பெரிய நன்மைதான். ரத்த அணுக்கள் சிதைவது, இதயத் தமனி சுருங்குவது என்று அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு.

"பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறதாமே, பிறகு எதற்கு?" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. இங்கேயும் எண்ணும் விதத்தில்தான் சூட்சுமம். அப்லேஷனுக்குப் பிறகு 30 விநாடி நீடிக்கும் ஒரு நடுக்கம் பதிவானாலே "திரும்ப வந்தது" என்று கணக்கு வைப்பது இந்தத் துறையின் வழக்கம். முதல் மூன்று மாதம் வருவதைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது வேறு கதை. கனடாவில் நடந்த சர்க்கா-டோஸ் ஆய்வில் 346 பேருக்கும் தோலுக்கடியில் பதிவுக் கருவி வைத்து, இடைவிடாமல் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் 30 விநாடிக் கணக்குப்படி ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. ஆனால் நடுக்கத்தில் கழிந்த மொத்த நேரமோ 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அதே நோயாளிகள், அதே சிகிச்சை. ஒரு கணக்கில் பாதித் தோல்வி, இன்னொன்றில் ஏறக்குறைய முழு வெற்றி. வருடத்தில் அரை நிமிடம் படபடத்தால் நீ கவலைப்படுவாயா? நான் பட மாட்டேன்.

அடுத்து, மகன் மிகவும் நம்பியிருக்கும் கபானா ஆய்வு. 2019-இல் முடிவு வந்தது, 2,204 பேர், பாதிப் பேருக்கு அப்லேஷன், மீதிப் பேருக்கு மருந்து. கணக்கிட்டது மரணம், முடக்கும் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, இதயம் நின்றுபோதல். அப்லேஷன் பக்கம் 8 சதவீதம், மருந்துப் பக்கம் 9.2 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் மருந்துப் பக்கம் விழுந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் பிறகு அப்லேஷன் செய்துகொண்டார்கள். அதனால், "குலுக்கலில் எங்கே விழுந்தார்கள் என்று பார்க்காதே, உண்மையில் யார் செய்துகொண்டார்கள் என்று பார்" என்று இன்னொரு அட்டவணை போட்டார்கள். அதில் அப்லேஷன் ஜெயிக்கிறது. மகன் அடிக்கோடிட்டிருப்பது அந்த அட்டவணையை. அவனிடம் சொல்: செய்துகொள்ளும் அளவுக்கு உடம்பு தாங்கியவர்களும், தாங்காமல் தள்ளிப்போட்டவர்களும் தாமாகப் பிரிந்துவிட்ட பிறகு குலுக்கலுக்கு என்ன அர்த்தம்? விளையாட்டு முடிந்தபின் அணி மாற்றிக்கொண்டு கோப்பையைக் கேட்பது போல இருக்கிறது.

ஆனால் கபானாவில் இன்னொரு முடிவும் இருந்தது: அப்லேஷன் செய்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் கூடுதலாக முன்னேறியது. இதை நம்பலாமா என்பதில்தான் எனக்கு நெடுநாள் சந்தேகம். இதயத்துக்குள் ஏதோ பெரிதாகச் செய்தார்கள் என்று தெரிந்தாலே மனிதனுக்குத் தெம்பு வரும். 1959, 1960 ஆண்டுகளில் அமெரிக்காவில், நெஞ்சுவலிக்காக மார்புத் தமனியைக் கட்டும் அறுவைச் சிகிச்சையை 17 பேரிலும் 18 பேரிலும் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறிவிட்டுத் தைத்தார்கள். அவர்களுக்கும் வலி குறைந்தது! அந்தச் சிகிச்சையே வழக்கொழிந்தது. 2017-இல் ஆர்பிட்டா ஆய்வு ஸ்டென்ட்டுக்கும் இதே சோதனையை வைத்தது. நிலையான நெஞ்சுவலிக்கு முழு மருந்தும் சாப்பிடும் 200 பேரில், ஸ்டென்ட் வைத்தவர்கள் நடைப் பயிற்சியில் வெறும் 16.6 விநாடிதான் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்த அடுத்த ஆய்வில், 2023-இல், ஸ்டென்ட் உண்மையாகவே வலியைக் குறைத்தது. யாரிடம் கேட்கிறாய், எப்போது கேட்கிறாய் என்பதைப் பொறுத்துப் பதிலும் மாறுகிறது.

அப்லேஷனுக்கு இந்தச் சோதனை வெகுகாலம் நடக்கவில்லை. கடைசியில் 2024-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 126 பேர், பாதிப் பேருக்குக் குளிர்முறை அப்லேஷன், மற்றவர்களுக்கு மயக்க மருந்தோடு போலிச் சிகிச்சை. தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் நடுக்க நேரம் அப்லேஷன் பக்கம் 60 சதவீதமும் போலிப் பக்கம் 35 சதவீதமும் குறைந்தது. வாழ்க்கைத் தரமும் அப்லேஷன் பக்கமே தெளிவாக உயர்ந்தது. என் சந்தேகத்தில் பெரும்பகுதி அன்றோடு போயிற்று. போலிப் பக்கமும் 35 குறைந்ததே என்று நீ கேட்பாய். நோய் தானாக ஏறி இறங்கும், மோசமான நேரத்தில்தான் மனிதர்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லாத ஆய்வு அந்த இறக்கத்தையும் தன் வரவில் எழுதிக்கொண்டுவிடும்.

அவசரம் உண்டா என்று கேட்டிருந்தாய். 2002-இல் 4,060 பேரில் நடந்த அஃபர்ம் ஆய்வு, துடிப்பைச் சீராக்குவதும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதும் உயிரைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்றது. ஆனால் 2020-இல் ஈஸ்ட் ஆய்வு, நோய் தெரிந்து ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேரை எடுத்துக்கொண்டது. தொடக்கத்திலேயே துடிப்பைச் சீராக்கியவர்களுக்கு இதய மரணம், பக்கவாதம், இதயம் மோசமாகி மருத்துவமனையில் சேருவது ஆகியவை ஒட்டுமொத்தமாகக் குறைந்தன. அங்கே பெரும்பாலோர் மருந்தில்தான் இருந்தார்கள், அப்லேஷன் சிறுபான்மைதான். ஆகவே சீராக்குவதைத் தள்ளிப்போடாதே என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். எந்த வழியில் என்பதற்கு அது பதில் இல்லை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் பக்கவாத மாத்திரையை மட்டும் இதோடு குழப்பாதே. அது உன் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைப் பார்த்துக் கொடுத்தது. அப்லேஷன் நன்றாக முடிந்தாலும் சில மாதங்களுக்கு அதைக் கட்டாயம் தொடர வேண்டும்; அதன் பிறகு நிறுத்துவதா என்பது மருத்துவர் தனியாக எடுக்கும் முடிவு. நீயாக நிறுத்தினால் நேரில் வந்து திட்டுவேன்.

காபியை விட்டுவிட்டாயாமே, பாவம்! 2025-இல் வந்த ஓர் ஆய்வில், மின்னதிர்வால் துடிப்பைச் சீராக்கிய 200 பேரில் காபியைத் தொடர்ந்தவர்களுக்கு 47 சதவீதமும் நிறுத்தியவர்களுக்கு 64 சதவீதமும் நடுக்கம் திரும்பியது. மருத்துவரைக் கேட்டுவிட்டு மறுபடி குடி. கைக்கடிகாரத்தில் நாழிகைக்கு ஒரு தரம் நாடி பார்ப்பதைத்தான் நிறுத்த வேண்டும். டென்மார்க்கில் 6,004 பேரில் நடந்த லூப் ஆய்வில், உள்ளே கருவி வைத்துத் தேடியதில் நடுக்கம் இரண்டரை மடங்குக்கும் அதிகமானவர்களிடம் அகப்பட்டது. மாத்திரை சாப்பிடுவோர் கூடினார்கள், பக்கவாதமோ உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. உனக்கு நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும். கடிகாரம் இனிமேல் புதிதாக என்ன கண்டுபிடிக்கப்போகிறது?

கடைசியாக, மருத்துவர் உன்னை ஓர் ஆய்வில் சேர அழைத்திருப்பது. "சோதனை எலியாக்கிவிடுவார்களா?" என்கிறாய். காஸ்ட் ஆய்வை நிறுத்தியதுபோல, இடையிலேயே கணக்குப் பார்த்து நிறுத்தும் அதிகாரமுள்ள தனிக் குழு இதற்கும் இருக்கிறதா என்று கேள். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுவாய் என்பது உன் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. அது ஒத்துவராவிட்டால் சேராதே. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உன் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது நேர்ந்தால் செலவு யாருடையது என்று படிவத்தில் ஓரிடத்தில் இருக்கும். பெரும்பாலும் யாரும் படிக்காத பக்கம் அதுதான். கையெழுத்துப் போடும் முன் படிவத்தின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறேன், மகனையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
வசந்தா