ரால்ஃப் பக்‌ஷி பற்றிய அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலக அனிமேஷன் படங்கள் குறித்து நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். அதில் அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் ரால்ஃப் பக்‌ஷிக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும், "ஆபாசக் கார்ட்டூனில் பெயர் வாங்கி, பிறகு நடிகர்களைப் படமெடுத்து அதன் மேல் கோடு இழுத்துக் காலம் தள்ளியவர்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கோடு இழுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அமெரிக்க டிவி தொடர்களுக்கு வேலை செய்து கொடுத்த சென்னை ஸ்டூடியோ ஒன்றில் இன்பிட்வீனராகவும் (முக்கிய அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரைபவர்) கிளீன்-அப் ஆர்ட்டிஸ்டாகவும் (கோடுகளைச் சுத்தமாக வரைபவர்) பல வருடம் இருந்தவன் நான். லைட் பாக்ஸ் மேல் குனிந்து குனிந்தே கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. நடிகர்களைப் படமெடுத்து அதன் மேல் வரையும் ரோட்டோஸ்கோப்பும் செய்திருக்கிறேன். நடிகரின் ஒவ்வொரு ஃப்ரேமையும் அப்படியே நகலெடுத்தால் திரையில் ஆள் தெரியமாட்டார். உடம்பில் கனமே இல்லாமல் ஏதோ ஒன்று மிதக்கும், கோடுகள் நடுங்கும். சட்டையின் எந்த மடிப்பை விடுவது, எந்த விரலைக் கொஞ்சம் நீட்டுவது என்று வரைகிறவர்தான் ஒவ்வொரு தாளிலும் முடிவெடுக்க வேண்டும். இதையா காலம் தள்ளுவது என்கிறீர்கள்?

ரோட்டோஸ்கோப் பக்‌ஷி கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அமெரிக்க அனிமேட்டர் மாக்ஸ் ஃப்ளைஷர் 1915லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. 1937ல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட்டுக்கும் ஒரு நடனப் பெண்ணை நடிக்க வைத்து, படமெடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அதே கட்டுரை ஸ்னோ ஒயிட்டை "கைவேலையின் உச்சம்" என்று புகழ்கிறது. ஒருவர் செய்தால் கலை, இன்னொருவர் செய்தால் சோம்பேறித்தனமா?

பக்‌ஷி அந்த முறைக்கு வந்தது பணமில்லாமல். 1977ல் 'விசார்ட்ஸ்' படத்தை முடிக்க இன்னும் 50,000 டாலர் கேட்டார். ஃபாக்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. கைக்காசைப் போட்டு, பழைய போர்ப் படக் காட்சிகளை எடுத்து, அவற்றின் மேல் வரைந்து சண்டைக் காட்சிகளை முடித்தார். கருப்பு உருவங்களாகக் கொம்பு முளைத்த சேனை கூட்டம் கூட்டமாக வரும் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1978ல் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்தபோது அதையே விரிவாக்கினார். பாதிக் கதையோடு படம் நின்றுபோனதற்கும் அவரையே குற்றம் சொல்கிறீர்கள். இரண்டு பாகமாகத் திட்டமிட்ட படம் அது. "முதல் பாகம்" என்று போடாமல் வெளியிட்டது விநியோக நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். அமெரிக்காவில் சுமார் 3 கோடி டாலர் வசூலித்தும் அடுத்த பாகம் வரவில்லை. 2001ல் பீட்டர் ஜாக்ஸன் எடுத்த படத்தில், பில்போ என்ற பாத்திரத்தின் பிறந்தநாள் விருந்தில் ஒரு ஹாபிட் (கதையில் வரும் குள்ள இனத்தவர்) காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கத்துவாரே, அது பக்‌ஷியின் படத்துக்கு வைத்த வணக்கம் என்று ஜாக்ஸனே சொல்லியிருக்கிறார்.

அடுத்து ஆபாசம். 1972ல் வந்த 'ஃப்ரிட்ஸ் தி கேட்' அமெரிக்காவில் எக்ஸ் சான்றிதழ் (பெரியவர்களுக்கு மட்டும்) பெற்ற முதல் அனிமேஷன் படம். மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையாளர் சான்றிதழைத் தாண்டிப் படத்துக்குள் போகவே இல்லை. அறுபதுகளின் மாணவர் கூட்டம், போதை, போலீஸ், ஹார்லெம் கலவரம், புரட்சி பேசிக்கொண்டு குண்டு வைக்கும் கும்பல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஹிப்பிகளைக் கொண்டாடிய படம் என்று நினைப்பவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அந்தக் கலகத்துக்கு உள்ளிருந்தே அதன் பாசாங்கைக் காட்டியவர் பக்‌ஷி. நியூயார்க் தெருக்களைப் புகைப்படம் எடுத்து, பேனாவால் கோட்டுருவாக்கி, வாட்டர் கலர் பூசிப் பின்னணி செய்தார்கள். பென்சில் டெஸ்ட் (பென்சில் படங்களைப் படமெடுத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை) எடுக்கக்கூட காசில்லாமல், தாள்களைக் கையால் புரட்டிப் பார்த்தே அசைவை முடிவு செய்தார் அவர். அப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். மூலக் காமிக்ஸை வரைந்த ராபர்ட் க்ரம்முக்குப் படம் பிடிக்காமல், கதை நாயகனான ஃப்ரிட்ஸ் என்ற அந்தப் பூனையையே தன் காமிக்ஸில் கொன்றுவிட்டார். அதை எழுதியிருந்தால் நான் பேனா எடுத்திருக்கவே மாட்டேன். அது இரண்டு கலைஞர்களுக்கு நடுவில் நடந்த நியாயமான சண்டை.

சொல்ல ஆரம்பித்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் எதிர்க்கலாச்சாரம் பற்றி நீங்கள் ஒரு சிறப்பிதழ் போட்டீர்கள். பாட்டு, கவிதை, உட்ஸ்டாக் இசை விழா எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. படம் வரைந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. அனிமேஷன் பற்றி எது வந்தாலும் சிறுவர் பக்கத்தில்தான் போடுகிறீர்கள். அதைவிட வலிப்பது, உங்கள் இதழில் கதைகளுக்கு வரைகிறவர்களின் பெயரையே பல தடவை விட்டுவிடுகிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் எங்கள் பெயர் திரையில் வந்ததில்லை. என் மகளிடம் டிவியில் ஒரு காட்சியைக் காட்டி "இது அப்பா வரைந்தது" என்றேன். கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்ததும், "உங்க பேர் எங்கேப்பா?" என்று கேட்டாள். உங்கள் இதழைத் திறக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

பக்‌ஷி தொடங்கியதும் அப்படித்தான். புரூக்ளினின் ப்ரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்த பையன், டெர்ரிடூன்ஸ் என்ற கார்ட்டூன் ஸ்டூடியோவில் 'செல்' எனப்படும், படம் வரையும் ஒளி ஊடுருவும் தாள்களைத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, வண்ணம் பூசுபவராகி, அனிமேட்டராகி, இயக்குநரானார். பிற்காலத்தில் நியூ மெக்ஸிகோவுக்குப் போய் ஓவியத்தில் முழுதாக இறங்கினார். ஓவியர் என்ற சொல்லே உங்கள் கட்டுரையில் இல்லை. 2015ல், தன் 77வது பிறந்தநாளில், ரசிகர்கள் போட்ட பணத்தில் எடுத்த 'லாஸ்ட் டேஸ் ஆஃப் கோனி ஐலண்ட்' குறும்படத்தை வெளியிட்டார். அதுவும் இல்லை.

என் வேண்டுகோள் சின்னதுதான். 43ஆம் பக்கத்தில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்று குறிப்புப் போட்டு நீங்கள் அச்சிட்ட படம் 'விசார்ட்ஸ்' படத்தில் வருவது. ஒரு விநோத விலங்கின் மேல் துப்பாக்கியோடு ஒரு சிவப்பு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அடுத்த இதழில் அந்தக் குறிப்பையாவது தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சூளைமேடு, சென்னை